என் அளவுக்கு ஒரு சைக்கிள்

கெங்க், பெல்ஜியம்
11 ஜனவரி 1998

தம்பி இவோனேவுக்கு,

கிறிஸ்துமஸ் அட்டை போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அக்காவிடமிருந்து கடிதமா என்று பதறியிருப்பாய். பதறாதே, இங்கே யாரும் சாகவில்லை. உன் அத்தான் பெப்பி காலையில் ஒரு மணி நேரம் இருமிவிட்டு மாடியில் புறாக்களைப் பார்க்கப் போய்விடுகிறார். சுரங்கத்தை மூடிப் பத்து வருஷம் ஆகிறது, அந்தக் கரித்தூள் மட்டும் அவர் நெஞ்சைக் காலி செய்ய மாட்டேன் என்கிறது. எனக்கு அதே பள்ளிக்கூடச் சமையலறைதான். இப்போது பரிமாறும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். உன் முட்டி வலி எப்படி? லுச்சியானா இன்னும் உன்னைச் சகித்துக்கொண்டு இருக்கிறாளா?

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இத்தாலியர் சங்கத்தில் ஒரு சைக்கிள் பத்திரிகை கிடந்தது. புரட்டினால் உன் மூஞ்சி! பஸானோவில் டைட்டானியம் சைக்கிள் செய்கிறவன், ஜப்பானிலிருந்தெல்லாம் ஆள் தேடி வருகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். தலையில் பாதி முடியைக் காணோம். அப்பா இருந்திருந்தால் இரும்பை விட்டுவிட்டு இது என்ன தகரம் என்று உன்னை ஓட ஓட விரட்டியிருப்பார்.

எனக்கு ஒன்று வேண்டும், இவோனே. பந்தய சைக்கிள், டைட்டானியத்தில். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. இதுவரைக்கும் நான் ஓட்டியதெல்லாம் அடுத்தவர் வண்டி. முதலில் உன்னுடையது, பிறகு பெப்பியுடையது, அப்புறம் மகள் வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனது. சீட்டை இறக்கி, ஹேண்டில்பாரை ஏற்றி, எப்படியோ சமாளித்தேன். சாவதற்கு முன்னால் ஒரு தடவையாவது என் உடம்பை அளந்து செய்த வண்டியில் உட்கார வேண்டும். இந்த ஊர் மழையில் துருப்பிடிக்காமல் எனக்குப் பிறகும் இருக்கட்டும். தம்பி விலை ஒன்றும் வேண்டாம், எல்லாரும் கொடுப்பதை நானும் கொடுப்பேன்.

ஆளை நேரில் உட்காரவைத்து அளக்காமல் நீ யாருக்கும் செய்வதில்லை என்று அந்தப் பத்திரிகையில் போட்டிருந்தது. நிஜமா?

பதில் எழுது.
அக்கா நீவெஸ்


பஸானோ
3 பிப்ரவரி 1998

அன்பு அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருப்பது கேட்டு நிம்மதி. இங்கே முட்டி வலிக்கிறது, வயிறு பெருக்கிறது, மற்றபடி குறையில்லை. உன் கடிதத்தை லுச்சியானாதான் பிரித்தாள். படித்துவிட்டுப் பட்டறைக்கே ஓடி வந்தாள். "உங்கக்கா உங்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கா. இருபத்தெட்டு வருஷத்துல முதல் தடவையா கேட்டிருக்கா. மாட்டேன்னு சொல்லிப் பாரு, ஒரு வாரம் சோறு கெடையாது" என்றாள். நான் எங்கே மாட்டேன் என்றேன்? சந்தோஷத்தில் கடிதத்தைப் பிடுங்கி நானே ஒரு தடவை படித்தேன், அவ்வளவுதான். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு வேலைதான் காரணம், தப்பாக நினைக்காதே.

பத்திரிகையில் போட்டது நிஜம். பட்டறையில் ஒரு அளவு வண்டி வைத்திருக்கிறேன். எல்லாப் பக்கமும் நீட்டவும் குறைக்கவும் வரும். ஆளை அதில் ஏற்றி ஒரு மணி நேரம் மிதிக்கச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். போன மாதம் டோக்கியோவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டரை மூன்று நாள் மிதிக்கவைத்தேன். பாவம், அழாத குறை. ஆனால் அதெல்லாம் தெரியாதவர்களுக்கு. உன்னை எனக்குத் தெரியாதா? மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போகிறவள் நீதான் என்று மிதிக்கிற விதத்தை வைத்தே சொன்னவன் நான். அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். அத்தானை விட்டு அளக்கச் சொல்லி எண்களை எழுதி அனுப்பு, போதும்.

செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, கால்களுக்கு நடுவே ஒரு தடிமனான புத்தகத்தை மேலே முட்டும்வரை ஏற்றிப் பிடி. தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை உள்கால் அளவு. அங்கிருந்து தொண்டைக்குழி வரை நடுவுடல். பிறகு கை, தோள், தொடை, பாதம்.

உன் வண்டியை வேறு யாரையும் தொட விடமாட்டேன். நானே செய்வேன்.

அத்தானுக்கு என் அன்பு.
இவோனே


கெங்க்
14 பிப்ரவரி 1998

இவோனேவுக்கு,

லுச்சியானாவுக்கு என் முத்தம். அவள் சமையலுக்கு நீ பயப்படுவது நல்லதுதான்.

சரி, வர வேண்டாம் என்கிறாய். வரவில்லை.

பெப்பி அளந்தார். தடிமனான புத்தகம் என்றாயே, வீட்டில் தடிமனாக இருப்பது டெலிபோன் டைரக்டரிதான். என்னைச் சுவரோடு நிறுத்திவிட்டு, "அசையாதடி, புறாவே ஒன்னைவிட அடங்கி நிக்கும்" என்று ஒரே அதட்டல். மூன்று தடவை அளந்தார். மூன்றும் ஒன்றாக வந்ததைத்தான் எழுதுகிறேன். உள்கால் 78. நடுவுடல் 57. கை 56. தோள் 38. தொடை 57. பாதம் 38ஆம் நம்பர். மொத்த உயரம் 163.

அளந்து முடித்ததும் பெப்பி டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "இவ்வளவு வருஷம் கூட இருந்திருக்கேன், ஒன் கை எவ்ளோ நீளம்னு இன்னிக்குத்தான் தெரியும்" என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கையை அளந்து பார்க்க இந்த ஊரில் யாருக்கும் இதுவரை அவசியம் வந்ததில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெயிண்ட் வேண்டாம். பெயர் எதுவும் பொறிக்காதே. உலோகம் உலோகமாகவே இருக்கட்டும்.

உங்கள் ஊரில் மலையெல்லாம் வெள்ளையாக இருக்குமே இப்போது.

நீவெஸ்


பஸானோ
2 மார்ச் 1998

அன்பு அக்கா,

சௌக்கியமாக இரு. மலையில் பனி இடுப்பளவு கிடக்கிறது. கிராப்பா மலை ஏறும் சாலையைப் பாதியிலேயே அடைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அதுவரைக்கும் போய்விட்டு நாக்குத் தள்ளத் திரும்பினேன். நீ அந்த வளைவுகளில் என்னைத் தாண்டிப் போய், மேலே நின்று ஆப்பிள் தின்றபடி "என்ன தம்பி, மாட்டு வண்டியில வந்தியா?" என்று கேட்பாயே. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் அது காதில் விழுகிறது.

அது போகட்டும். அத்தான் டேப்பைத் தலைகீழாகப் பிடித்தாரா? நடுவுடல் 57 வருவதற்கு வாய்ப்பே இல்லை. உயரம் 163 என்கிறாய். எனக்குத் தெரிந்த நீவெஸ் 166. நீ கூனிக்கொண்டு நின்றிருப்பாய். அம்மா எத்தனை தடவை முதுகில் தட்டி நிமிர்த்தியிருக்கிறாள்! மறுபடி நேராக நின்று அளந்து அனுப்பு. குனிந்தால் உள்ளங்கை தரையைத் தொடுகிறதா என்றும் எழுது. எல்லாரிடமும் கேட்பது இது. உனக்குத் தொடும், தெரியும், சும்மா வழக்கத்துக்காகக் கேட்கிறேன்.

குழாய்கள் வந்துவிட்டன. கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. உனக்கென்று தனியாக எடுத்துத் துணியில் சுற்றி மேல் பலகையில் வைத்திருக்கிறேன்.

இவோனே


கெங்க்
9 மார்ச் 1998

இவோனேவுக்கு,

அனைவரும் நலமென்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே.

அளவு சரி. மறுபடியும் அளந்தாயிற்று. 163, 57. பெப்பிக்கு டேப் பிடிக்கத் தெரியும், எனக்கு நிற்கத் தெரியும். அந்த எண்களை வைத்தே செய்.

நேற்று மழை விட்டதும் கால்வாய்க் கரைச் சாலையில் பெப்பியின் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். இந்த ஊரில் ஏற்றமே கிடையாது. எதிர்க்காற்று ஒன்றுதான் ஏற்றம். பத்து கிலோமீட்டர் போனதும் கரையில் உட்கார்ந்து, சரக்குப் படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புது வண்டி வந்ததும் அதை ரயிலில் ஏற்றிக்கொண்டு எங்கேயாவது மலை இருக்கிற பக்கம் போகலாம் என்று தோன்றியது. எந்தப் பக்கம் என்று யோசிக்கவில்லை.

கியரை இலகுவாக வை. கிழவி மிதிக்கிற மாதிரி.

நீவெஸ்


பஸானோ
20 மே 1998

அன்பு அக்கா,

இரண்டு மாதமாக எழுதவில்லை என்று கோபமா? உன் வண்டியை முடிக்காமல் பேனாவைத் தொடுவதில்லை என்று இருந்தேன். முடிந்துவிட்டது! எல்லாரும் இங்கே சுகம். நீயும் அத்தானும் புறாக்களும் சுகமாக இருங்கள். இன்றைக்கு எனக்கு எல்லாரையும் பிடித்திருக்கிறது.

இந்த உலோகத்துக்கு ரொம்பத்தான் சுத்தம் வேண்டும். வெறுங்கையால் தொட்டால் விரல் எண்ணெய் படுமே, அதுவே வெல்டிங்கைக் கெடுத்துவிடும். கையுறை போட்டுத் துடைத்து, குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் ஆர்கான் வாயுவை நிரப்பிவிட்டுப் பற்றவைக்க வேண்டும். துளிக் காற்று புகுந்தாலும் பற்றவைத்த தையல் நீலமாகிவிடும். அப்புறம் அது குப்பைதான். உன்னுடையதில் ஒன்பது இணைப்பும் வெள்ளி மாதிரி வந்திருக்கிறது. இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். லுச்சியானா எட்டிப் பார்த்து, "கல்யாணத்தன்னிக்கிகூட மனுஷன் இவ்ளோ பயபக்தியா நிக்கல" என்றாள்.

இரும்பு என்றால் பிறகு தட்டி வளைத்துச் சரிபண்ணலாம். இது வளைத்தாலும் பழைய இடத்துக்கே போய் நிற்கும். பற்றவைத்தது வைத்ததுதான். அதனால் அளவை நூறு தடவை பார்த்துவிட்டுத்தான் நெருப்பைத் தொட்டேன். நீ எண்களைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு உன்னைத் தெரியும்.

பெயர் பொறிக்கவில்லை, பெயிண்ட் அடிக்கவில்லை, சொன்னபடி கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு சின்னத் தகடு மட்டும் பாருக்குக் கீழே வைத்திருக்கிறேன். என்னவென்று நீயே பார்த்துக்கொள்.

நேற்று மரோஸ்திகா வழியாக வந்தேன். சதுக்கத்தில் ஏதோ பந்தயத்துக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஜூனில்... சரி, விடு. வண்டி வருகிறது, அது போதும்.

இவோனே


பஸானோ
5 ஜூன் 1998

அன்பு அக்கா,

அவசரமாக நாலு வரி. நோவேயிலிருந்து பீங்கான் ஏற்றிக்கொண்டு லாரி ஒன்று உங்கள் பக்கம் வருகிறது. டிரைவர் எனக்கு வேண்டியவர். சைக்கிளைக் கம்பளியில் சுற்றி, தட்டுகளுக்கு நடுவே நிறுத்தியிருக்கிறேன். இந்த வருஷத்தின் கடைசிக் கட்டு வெள்ளை அஸ்பாரகஸ் தண்டும் கூட வருகிறது, வாடிப்போவதற்குள் முட்டையோடு சாப்பிடுங்கள். வண்டியில் உட்கார்ந்ததும், உட்கார்ந்த அன்றைக்கே எனக்கு எழுது. எப்படி இருந்தது என்று ஒன்று விடாமல் எழுது. நான் தபால்காரரை வழியில் மறிக்கப் போகிறேன்.

இவோனே


பஸானோ
12 ஜூலை 1998

அக்காவுக்கு,

நீ நலமா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? லாரி டிரைவர் வந்துவிட்டார். பெப்பி அத்தான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார், கீறல்கூட இல்லை என்கிறார். அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஆகிறது.

"உங்கக்கா ஓட்டிட்டே இருக்கா போல, எறங்கி எழுத நேரமில்ல" என்று லுச்சியானா சொல்கிறாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள், அது எனக்குத் தெரிகிறது.

ஒரு வரி போடு.

இவோனே


கெங்க்
15 ஆகஸ்ட் 1998

இவோனே,

இன்றைக்கு அங்கே எல்லாரும் பண்டிகைச் சாப்பாடு சாப்பிட்டிருப்பீர்கள். உன் சாப்பாட்டைக் கெடுக்க வேண்டாம் என்று இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன். நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்பிவிடுவேன்.

வண்டி அழகாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெப்பி ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, "ஏண்டி, இதுக்குள்ள ஏதாவது இருக்கா, வெறும் காத்தா?" என்றார். சின்னப்பிள்ளை மாதிரி தெருவில் நின்று சிரித்தோம். அவர் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொள்ள, ஏறி உட்கார்ந்தேன். ஹேண்டில்பாரைப் பிடிக்கக் குனிந்தேன். எட்டவில்லை, இவோனே. அது எங்கேயோ தூரத்தில், கீழே இருந்தது. எட்டிப் பிடித்தபோது முதுகு பிடித்துக்கொள்ள, அங்கேயே இறங்கிவிட்டேன்.

பெப்பி விடவில்லை. சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டில் இருப்பதிலேயே குட்டையானதை மாட்டி, முடிந்தவரை ஏற்றிவைத்தார். ஓட்ட முடிகிறது. திரும்பினால் தள்ளாடுகிறது, ஆனாலும் ஓட்ட முடிகிறது. அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறேன். அடுத்தவர் வண்டியில் ஏற்றி இறக்கிச் சமாளிக்க எனக்கு நீ தேவையில்லை. அந்தக் கடைக்காரர் அளந்து பார்த்துவிட்டு, "செஞ்சவன் கெட்டிக்காரம்மா. யாரோ பந்தயம் ஓட்டுற சின்னப் பொண்ணுக்காகச் செஞ்சிருக்கான். யாரு வண்டி இது?" என்று கேட்டார். என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

57 என்று இரண்டு தடவை எழுதினேன். நீ 60 வைத்துச் செய்திருக்கிறாய்.

அப்புறம் அந்தத் தகட்டைப் பார்த்தேன். பந்தய எண் மாட்டுகிற காது. ஐம்பத்திரண்டு வயதுக்காரிக்கு என்னடா பந்தயம்? அப்போதுதான் புரிந்தது. நீ எனக்கு வண்டி செய்யவில்லை. 1970 ஜூன் பதினாலாம் தேதி மரோஸ்திகா சதுக்கத்தில் நின்றாளே, அவளுக்குச் செய்திருக்கிறாய். அபசகுனம் என்று யாரும் வாங்க மாட்டேன் என்ற பதினேழாம் எண்ணை வாங்கி முதுகில் குத்திக்கொண்டு, தம்பி வண்டியைக் கொண்டுவருவான் கொண்டுவருவான் என்று கொடி விழும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொடி விழுந்தது. முப்பது பெண்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். வண்டி இருந்தால் அவர்களில் பாதிப் பேர் அவள் முதுகைத்தான் பார்த்திருப்பார்கள், அது உனக்கும் தெரியும். வண்டியை நீ உன் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டு போனது அவளுக்கு மத்தியானம்தான் தெரிந்தது. அப்பா, "ரொட்டி வாங்கப் போக அம்மா வண்டி இருக்குல்ல, அழுவாத" என்றார். நீ ஒன்றுமே சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இருபத்தெட்டு கிறிஸ்துமஸ் அட்டையிலும் சொல்லவில்லை.

அவள் பாவம்தான். நானும் அவளுக்காக அழுதிருக்கிறேன். ஆனால் அவள் இப்போது இல்லை, நான் இருக்கிறேன். என்னை யாரென்று நீ கேட்கவே இல்லை.

என் மேலும் தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. குனிந்தால் தரையைத் தொடுகிறதா என்று கேட்டாய், நான் பதில் எழுதவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் சூப் அண்டாவைத் தூக்கும்போது முதுகு போய்விட்டது. கீழ்முதுகில் இரண்டு எலும்பைச் சேர்த்துத் திருகாணி போட்டிருக்கிறார்கள். குனிந்தால் கை முழங்கால்வரைதான் எட்டும். நீ கிராப்பா வளைவுகளைப் பற்றியெல்லாம் எழுதும்போது இதை எப்படி எழுதுவது? வெட்கமாக இருந்தது. அந்தத் திருகாணிகளும் டைட்டானியம்தானாம். அந்த டாக்டர் என்னை நேரில் பார்த்துவிட்டுத்தான் பொருத்தினார்.

நேரில் பார்க்காமல் யாருக்கும் செய்வதில்லையா என்று ஜனவரியில் கேட்டேனே. வா என்று சொல்வாய் என்றுதான் கேட்டேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துக்கூட வைத்தேன். டோக்கியோ பல் டாக்டருக்கு மூன்று நாள், எனக்கு ஒரு கடிதம்.

நீவெஸ்


பஸானோ
6 செப்டம்பர் 1998

அக்கா,

உன் முதுகு இப்போது எப்படி இருக்கிறது? இதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றது.

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு லுச்சியானாவிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "இருபத்தெட்டு வருஷமா இதையா வயித்துக்குள்ள வச்சிக்கிட்டு இருந்தே? எங்கிட்டகூட சொல்லலியே, பாவி" என்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த வசந்தத்தில் அப்பா வெளியூர் போயிருந்தபோது விளையாட்டாக உன்னை அளந்து ஒரு அட்டையில் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? என்றைக்காவது உனக்கு நான் வண்டி செய்வேன் என்று பீற்றிக்கொண்டேன். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. நீ எண்களை அனுப்பினாய். அட்டையை எடுத்து ஒப்பிட்டேன், ஒத்துப்போகவில்லை. முப்பது வருஷத் தொழில்காரன் எவனும் புது அளவைத்தான் நம்புவான். நான் அட்டையை நம்பினேன். நம்பவில்லை, நம்ப ஆசைப்பட்டேன். 166 என்று எழுதியிருந்தால் நீ அதே ஆளாக இருப்பாய், நான் செய்தது இன்னும் சரிபண்ணக்கூடியதாக இருக்கும் என்று.

அன்றைக்கு ஒரு சைக்கிள் குழுவுக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற ஆள் எங்கள் பந்தயத்தைப் பார்க்க வருகிறார் என்று சொன்னார்கள். உனக்குத் தருகிறேன் என்று சொல்லியிருந்த வண்டியை விடிந்தும் விடியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். உன்னிடம் கேட்டால் நீ முடியாது என்பாய், அதனால் கேட்கவில்லை. நாற்பத்தொன்றாவதாக வந்தேன், அக்கா. அந்த ஆள் வரவே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நீ பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாய், நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுதிருப்பேன். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அக்டோபரில் நீ பெப்பி அத்தானைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய்.

மன்னித்துவிடு. இதை எழுத எனக்கு ஐம்பது வயது வரைக்கும் ஆகியிருக்கிறது. மன்னித்துவிடு, அக்கா.

வர வேண்டாம் என்று சொன்னது உன் அலைச்சலை நினைத்து இல்லை. பயத்தில் சொன்னேன். வாசலில் நின்று நீ என்னைப் பார்த்தால் நான் அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டிவரும். வண்டியைப் பேசவிட்டுத் தப்பிக்கலாம் என்று பார்த்தேன்.

அதை இனி மாற்ற முடியாது. வேண்டாமென்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். வேறு ஒன்று செய்ய வேண்டும். அதற்கு நீ இங்கே வர வேண்டாம் என்று இந்தத் தடவை வேறு காரணத்துக்காகச் சொல்கிறேன். அளவு வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு நான் வருகிறேன். அக்டோபர் மூன்றாம் தேதி சனிக்கிழமை. சரி என்று எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் வருவேன் என்றுதான் தோன்றுகிறது.

தம்பி இவோனே


கெங்க்
18 செப்டம்பர் 1998

தம்பிக்கு,

முதுகு மழைக்கு முந்தின நாள் வலிக்கும். இங்கே தினமும் மழைக்கு முந்தின நாள்தான்.

சரி. வா.

உன் கடிதத்தைப் பெப்பியிடம் படித்துக் காட்டினேன். நாற்பத்தொன்றாவது என்ற இடத்தில் மனுஷன் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். "எம்பொண்டாட்டி ஓட்டியிருந்தா பத்துக்குள்ள வந்திருப்பா" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு உருளைக்கிழங்கு அடிப்பிடித்துவிட்டது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நீ வந்து நின்றால் கொஞ்சம் போகும், சாப்பிட்டு முடித்தால் இன்னும் கொஞ்சம் போகும்.

வண்டியைத் திருப்பித் தர மாட்டேன். விற்றுவிடலாமா என்று பெப்பி கேட்டார், முடியாது என்றேன். வீட்டு நடையில், சுவரில் மாட்டியிருக்கிறோம். அது அந்தப் பெண்ணுக்கு வர வேண்டிய வண்டி, லேட்டாக வந்தாலும் அவளுக்கே இருக்கட்டும். எனக்கு வேறு செய்.

மூன்றாம் தேதி சோளமாவில் பொலெந்தா கிளறி உப்புமீன் வைக்கிறேன். இங்கே சுரங்கக் கம்பெனி கட்டின வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், தாண்டிப் போய்விடுவாய். பத்து மணியிலிருந்து தெருமுனையில் நிற்கிறேன். ஆனால் உனக்கு என்னை அடையாளம் தெரியுமா? முடி நரைத்துக் குட்டையாக வெட்டியிருக்கிறேன், கண்ணாடி போட்டிருக்கிறேன், உடம்பு கனத்துவிட்டது. மகள் எடுத்த போட்டோ ஒன்று நன்றாக இருக்கிறது. அனுப்பட்டுமா?

அக்கா


பஸானோ
27 செப்டம்பர் 1998

அக்கா,

எல்லாரும் நலம். வேனுக்கு எண்ணெய் மாற்றியாகிவிட்டது. லுச்சியானாவும் வருகிறாள். "நான் வராம விட்டா பாதி வழியில பயந்து திரும்பிடுவே" என்கிறாள். அதுவும் நடக்கக்கூடியதுதான்.

போட்டோ அனுப்பாதே. வந்தால் அதையும் வைத்து அளக்க ஆரம்பித்துவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். தெருமுனையில் நிற்கிற ஒவ்வொரு அம்மாவிடமும் வேனை நிறுத்தி, "நீங்க நீவெஸா?" என்று கேட்பேன். யார் என்னைத் திட்டுகிறாளோ அவள்தான் நீ. அந்த அட்டையைக் கொண்டுவரவில்லை. வெறும் டேப்பும் ஒரு காலிக் காகிதமும்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

அளக்க வருகிறவர்களிடம் நான் முதலில் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். டேப்பை எடுப்பதற்கு முன்னால், அளவு வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால், அதைத்தான் கேட்பேன். முப்பது வருஷத்தில் வந்த ஒருவரையும் கேட்காமல் விட்டதில்லை. உன்னிடம்தான் கேட்கவில்லை. சனிக்கிழமை உன் முன்னால் நின்று அதைக் கேட்டுவிட்டு, நீ சொல்லி முடிக்கிறவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்.

எங்கே வலிக்குது, அக்கா?

இவோனே